அவரவர் இரத்தம் அவரவர் உடம்பில்



அறுவைச் சிகிச்சையில் இரத்த இழப்பைக் குறைப்பது பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "அது சர்ஜன் பாடு. மயக்க மருந்து டாக்டருக்கு அதில் என்ன வேலை?" என்றார். சர்ஜன் மேசைக்குப் பக்கத்தில் நின்று வெட்டுகிறார். மேசையின் தலைமாட்டில் நின்று, போன இரத்தம் எவ்வளவு, உடம்பு அதைத் தாங்குமா, ஈடு செய்ய வேண்டுமா என்று கணக்குப் பார்ப்பது நாங்கள். கணக்குப்பிள்ளைக்கும் பேச ஒரு மணி நேரம் தரலாம்.

நம் ஊரில் அறுவைக்கு நாள் குறித்ததும் வீட்டாருக்குச் சொல்லப்படும் முதல் செய்தி பெரும்பாலும், "ரெண்டு பாட்டில் ரத்தத்துக்கு ஏற்பாடு பண்ணிடுங்க" என்பதுதான். உடனே மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் போன் போகிறது. வாட்ஸாப் குழுக்களில் இரத்த வகையும் வார்டு எண்ணும் பரவுகின்றன. முன்பின் தெரியாத கல்லூரிப் பிள்ளைகள் பைக்கில் வந்து கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளை நான் கும்பிடுகிறேன். ஆனால் இத்தனை ஓட்டத்துக்கு நடுவே யாரும் கேட்காத கேள்விகள் உண்டு. நோயாளியின் உடம்பில் இப்போது எவ்வளவு இருக்கிறது? அறுவையில் எவ்வளவு வெளியே போகும்? போவதைக் குறைக்க என்ன செய்யப் போகிறோம்? இவற்றுக்கெல்லாம் விடை தெரிந்த பிறகுதான் அடுத்தவர் இரத்தம் வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். நம்மிடம் அந்த வரிசை தலைகீழாக நிற்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி நேரம் அதற்கான காரணங்கள்.

முதலில் ஓர் அளவு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் ஓடுவது சுமார் நாலேகால் லிட்டர் இரத்தம். எண்ணெய் டின்னில் பாதிகூட வராது. அதில் அரை லிட்டர் போனால் ஆரோக்கியமான உடம்பு பெரிதாகப் பொருட்படுத்தாது. ஒன்றரை லிட்டர் போனால் நாடி ஓட ஆரம்பிக்கும்.

மயக்க மருந்து வருவதற்கு நெடுங்காலம் முன்பே சர்ஜன்களின் முதல் எதிரி இரத்தப்போக்குதான். காலை வெட்டி எடுத்த இடத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்துத் தீய்த்து நிறுத்தினார்கள். 1552இல் பிரெஞ்சுப் படையோடு போன ஆம்ப்ருவாஸ் பாரே அந்த இரும்பை ஒதுக்கிவிட்டு, வெட்டுண்ட நாளத்தை நூலால் கட்டினார். மூளையில் அப்படிக் கட்ட இடம் கிடையாது. மூளை அறுவையின் முன்னோடியான ஹார்வி குஷிங் 1911இல் சின்னஞ்சிறு வெள்ளிக் கிளிப்புகளை நாளத்தில் மாட்டிப் பார்த்தார். அதுவும் எட்டாத இடங்கள் இருந்தன. பாஸ்டனில் ஒரு நோயாளியின் மண்டையோட்டுக் கட்டியை எடுக்கப் போய், இரத்தம் பெருகியதால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. சில நாள் கழித்து, 1926 அக்டோபர் 1 அன்று, வில்லியம் போவி என்ற இயற்பியலாளர் செய்து கொடுத்த மின்கருவியைக் கொண்டு அதே நோயாளிக்கு மீண்டும் அறுவை செய்து கட்டியை எடுத்தார். நம் தியேட்டர்களில் "காட்டரி" என்று கை நீட்டிக் கேட்கிறோமே, அதற்குப் பாட்டன் அந்தக் கருவிதான்.

இந்த வரலாறு முழுவதிலும் சர்ஜனின் கவனம் ஓர் இடத்தில்தான்: உள்ளே இருப்பது வெளியே வரக் கூடாது. அந்தக் கவனம் தளர்ந்தது, வெளியிலிருந்து உள்ளே ஏற்ற முடியும் என்றான பிறகு. 1901இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளை வெளியிட்டார். 1937இல் சிகாகோவில் பெர்னார்ட் ஃபான்டஸ் ஒரு மருத்துவமனை இரத்த வங்கியைத் தொடங்கினார். குளிர்பெட்டியில் இரத்தம் காத்திருக்கிறது என்ற நிம்மதி வந்ததும் இழப்பை எண்ணும் பழக்கம் குறைந்தது. 1942இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆடம்ஸ், லண்டி என்ற இருவர், ஹீமோகுளோபின் 8 முதல் 10 கிராமுக்குக் கீழே இருந்தால் அறுவைக்கு முன் இரத்தம் ஏற்றுவது நல்லது என்று எழுதினார்கள். சோதித்துப் பார்த்து வந்த முடிவில்லை அது. அனுபவசாலிகள் இருவரின் அபிப்பிராயம். அதிலிருந்த "பத்து" மட்டும் உலகம் முழுக்கச் சட்டமாயிற்று. என் தலைமுறை மாணவர்கள் அதை மனப்பாடம் செய்துதான் தேர்வு எழுதினோம். ஏன் பத்து, ஏன் ஒன்பது இல்லை என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை.

அந்த நிம்மதியைக் கலைத்தது ஒரு வைரஸ். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. இரத்தம் கொடுத்துப் பிழைப்பு நடத்தியவர்களை நம்பி இரத்த வங்கிகள் இயங்கிய காலம் அது. 1989இல் கொடையாளர் இரத்தத்துக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயமாயிற்று. 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால், காசுக்கு இரத்தம் தரும் முறை 1998 ஜனவரி 1 முதல் ஒழிந்தது. இன்றைக்கு வங்கியிலிருந்து வரும் இரத்தம் அன்றைக்கு வந்ததைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது. தேவைப்படும்போது அதை மறுப்பவர் உயிரோடு விளையாடுகிறார். அதே நேரம் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு பை இரத்தம் ஏற்றுவதென்பது, பிறர் உடம்பின் உயிருள்ள திசுவை நம் உடம்பில் வைப்பது. நுரையீரலில் நீர் கோக்கலாம், ஒவ்வாமை வரலாம், வகை மாறி ஏறினால் உயிரே போகலாம். பம்பாயில் 1952இல் பெண்டேயும் அவருடைய தோழர்களும் கண்டறிந்த "பாம்பே" வகைக்காரர்களைக் கேளுங்கள். தங்கள் வகையைத் தவிர வேறெதையும் ஏற்க முடியாத அவர்களுக்கு அறுவையில் சிந்தும் ஒவ்வொரு துளியும் கணக்கில் வரும்.

இரத்தமே ஏற்றாமல் பெரிய அறுவை செய்ய முடியுமா என்ற கேள்விக்கு விடை, யாரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மத நம்பிக்கையால் இரத்தம் ஏற்றிக்கொள்வதில்லை. பல சர்ஜன்கள் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஹூஸ்டனில் டென்டன் கூலி 1960களின் தொடக்கத்திலிருந்து அவர்களுக்குத் திறந்த இதய அறுவையே செய்தார். 1977இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரையில் 542 அறுவைகள். பிறந்து ஒரு நாளான சிசு முதல் 89 வயது முதியவர் வரை. ஒருவருக்கும் இரத்தம் ஏற்றவில்லை. அந்த நம்பிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்த மனிதர்கள் சர்ஜன்களின் கைகளைக் கட்டிப்போட்டதால்தான், கட்டுண்ட கை எவ்வளவு நேர்த்தியாக வேலை செய்யும் என்று உலகத்துக்குத் தெரிந்தது.

தாழ்ந்த ஹீமோகுளோபினை உடம்பு எதுவரை தாங்கும் என்பதும் அவர்களிடமிருந்தே தெரிந்தது. ஜெஃப்ரி கார்சன் என்ற அமெரிக்க மருத்துவர், இரத்தம் ஏற்க மறுத்து, அறுவைக்குப் பின் ஹீமோகுளோபின் 8க்கோ அதற்குக் கீழோ இறங்கிய 300 பேரின் கதையை 2002இல் தொகுத்தார். 7க்கும் 8க்கும் இடையில் நின்றவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. 4க்கும் 5க்கும் இடையில் போனவர்களில் மூன்றில் ஒருவர் இறந்தார். பள்ளம் இருக்கும் இடம் பத்து இல்லை, அதற்கு வெகு கீழே என்பது இதில் தெரிகிறது. பள்ளம் உண்மையிலேயே இருக்கிறது என்பதும் தெரிகிறது.

1999இல் கனடாவில் போல் ஹெபேர் தலைமையில் தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் 838 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பாதியினருக்கு 7க்குக் கீழே போனால்தான் இரத்தம். மறுபாதியினருக்கு 10க்குக் கீழே போனாலே இரத்தம். முப்பது நாளில் இறந்தவர்கள் முதல் பிரிவில் 18.7 சதவீதம், இரண்டாவதில் 23.3. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால், குறைவாக ஏற்றுவது மேல் என்று சொல்ல முடியவில்லை. அதிகமாக ஏற்றினால் நல்லது என்ற நம்பிக்கை மட்டும் அன்றோடு உடைந்தது. 2011இல் கார்சனே இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட 2,016 முதியவர்களிடம் 8ஐயும் 10ஐயும் ஒப்பிட்டுப் பார்த்தார். நடக்கிறார்களா, உயிரோடு இருக்கிறார்களா என்பதில் வித்தியாசம் இல்லை. இப்படி எண் கீழே இறங்கியது. இறக்கத்துக்கும் எல்லை உண்டு: மாரடைப்பு வந்தவர்களிடம் 2023இல் வெளியான பெரிய சோதனை, கொஞ்சம் தாராளமாக ஏற்றுவதே அவர்களுக்கு நல்லதாக இருக்கலாம் என்ற பக்கம் சாய்கிறது. எண்ணை மட்டும் பார்த்து வைத்தியம் செய்யாதே, ஆளைப் பார் என்று என் ஆசிரியர் சொன்னது சரிதான்.

இனி தியேட்டருக்குள் வருவோம். இரத்த இழப்பைக் குறைப்பதில் சர்ஜனின் கைக்கு ஈடு எதுவும் இல்லை. இதை எந்த மருந்துக் கம்பெனியும் விளம்பரம் செய்யாது. சரியான தளத்தில் பிரித்தால் திசு தானாக விலகிக் கொடுக்கும்; தவறான தளத்தில் இழுத்தால் எல்லா இடமும் கசியும். அதற்கு அடுத்தது எங்கள் பக்கத்து வேலை, அதில் மிக எளிதானது நோயாளியைக் கதகதப்பாக வைப்பது. 1996இல் லான்செட் இதழில் வந்த ஒரு சிறு சோதனையை மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு வந்த 60 பேரில் பாதிப் பேரின் உடல்வெப்பம் சாதாரண நிலையில் காக்கப்பட்டது. மறுபாதியினருக்கு 35 டிகிரிக்கு இறங்கியது. வித்தியாசம் 1.6 டிகிரிதான். கதகதப்பாக இருந்தவர்கள் சராசரியாக 1.7 லிட்டர் இழந்தார்கள், குளிர்ந்தவர்கள் 2.2 லிட்டர். பிறர் இரத்தம் தேவைப்பட்டவர்கள் முதல் பிரிவில் ஒருவர், இரண்டாவதில் ஏழு பேர். உடம்பு குளிர்ந்தால் தட்டணுக்கள் மந்தமாகின்றன, உறைய வைக்கும் நொதிகள் சுணங்குகின்றன. நம் தியேட்டர்களில் கவுனும் கையுறையும் மாட்டிய சர்ஜனுக்கு வியர்க்கிறது என்று ஏ.சி.யை 18இல் வைக்கிறோம். மேசையில் துணியின்றிக் கிடப்பவரைக் கேட்பாரில்லை. வெப்பக் காற்றுப் போர்வை இல்லாத இடத்திலும் கம்பளியும், சூடேற்றிய சலைனும், ஏ.சி. ரிமோட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் துணிச்சலும் கிடைக்கும்.

அடுத்தது அளப்பது. இரத்த இழப்பைக் கண்ணால் மதிப்பிட்டால் குறைத்தே சொல்வோம். பெருக்கு கூடக் கூட இன்னும் குறைத்துச் சொல்வோம். பெலகாவி மருத்துவக் கல்லூரியினர் பங்குகொண்ட கர்நாடக ஆய்வொன்றில், பிரசவத்தின்போது அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் இரத்தத்தைச் சேகரித்து அளந்தார்கள். கண் மதிப்பீடு அந்த அளவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அதே வகை விரிப்பையும், அளவு தெரிந்தவுடன் ஒரே மூச்சில் செய்யவேண்டிய சிகிச்சைத் தொகுப்பையும் சேர்த்து கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் சோதித்தார்கள். 2023இல் முடிவு வந்தது. கடும் இரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 4.3 சதவீதத்திலிருந்து 1.6க்கு இறங்கியது. புது மருந்து எதுவும் இல்லை. அளந்தார்கள், அளந்ததால் நேரத்தில் கண்டுபிடித்தார்கள். அறுவை மேசையிலும் இதே கதைதான். சக்‌ஷன் பாட்டிலைப் பார்ப்பதோடு நிற்காமல் இரத்தத்தில் நனைந்த மாப் துணிகளைத் தராசில் வையுங்கள்; உலர்ந்த எடையைக் கழித்தால் ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. பெரிய மருத்துவமனைகளில், சிந்தியதை உறிஞ்சிக் கழுவி அவருக்கே திருப்பிக் கொடுக்கும் இயந்திரம் இருக்கும். இருந்தால் நல்லது. தராசு எல்லா இடத்திலும் வாங்கலாம்.

மருந்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதற்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார்.

உட்டாகோ ஒகாமோட்டோ 1918இல் ஜப்பானில் பிறந்தார். முதலில் பல் மருத்துவம் படிக்கத் தொடங்கி, மனம் மாறி மருத்துவத்துக்கு வந்தவர். போர் முடிந்து டோக்கியோ இடிபாடாகக் கிடந்த காலத்தில் அவரும் கணவர் ஷோசுகேயும் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார்கள். நாட்டுக்குப் பயன்படும் எதையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்பது ஆசை. கையில் காசும் இல்லை, கருவியும் இல்லை. இரத்தத்தை ஆராயலாம் என்று முடிவு செய்ததற்கு அவர் பிற்காலத்தில் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும்: போதவில்லை என்றால் சொந்த இரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம். மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை செய்தார். ஒரு கூட்டத்தில் அவர் ஆய்வு முடிவை வாசிக்க எழுந்தபோது, நடனம் ஆடிக் காட்டப் போகிறீர்களா என்று கேட்டுச் சிரித்த ஆண்கள் இருந்தார்கள். அவர் வாசித்து முடித்தார்.

அவர்கள் தேடியது என்ன? காயம் பட்டதும் ஃபைப்ரின் என்ற நார் வலை பின்னி இரத்தத்தை அடைக்கிறது. அந்த வலை நிரந்தரமாக இருந்தால் நாளமே அடைத்துக்கொள்ளும். ஆகவே பிளாஸ்மின் என்ற நொதி வந்து அதை வெட்டிக் கரைக்கும். கட்டடம் இறுகியதும் சாரத்தைப் பிரிக்கும் ஆட்கள் மாதிரி. பெரிய காயத்திலும் பெரிய அறுவையிலும் பிரசவத்திலும் இந்த ஆட்கள் சிமென்ட் காயும் முன்பே வந்து கயிற்றை அவிழ்த்துவிடுகிறார்கள்; நின்றிருந்த இரத்தம் மறுபடி கசிகிறது. பிளாஸ்மின் நாரைப் பிடிப்பது அதிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் வழியாக. லைசினைப் போலவே இருக்கும் ஒரு பொருளைக் கொடுத்தால் நொதி ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும் அல்லவா? அப்படி முதலில் அவர்களுக்குக் கிடைத்தது எப்சிலான் அமினோகாப்ரோயிக் அமிலம். வேலை செய்தது, ஆனால் நிறையக் கொடுக்க வேண்டியிருந்தது. தேடலைத் தொடர்ந்து, அதைவிட 27 மடங்கு வீரியமுள்ள ஒன்றை 1962இல் கெய்யோ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதுதான் டிரானெக்ஸாமிக் அமிலம். நம் வார்டுகளில் "டிரானெக்ஸா" என்று செல்லமாக அழைக்கப்படுவது.

பிரசவத்தில் இரத்தம் போய்ச் சாகும் பெண்களுக்கு இதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது உட்டாகோவின் ஆசை. கோபே நகருக்குப் போன பிறகு அங்குள்ள மகப்பேறு மருத்துவர்களிடம் கேட்டுப் பார்த்தார், யாரும் இசையவில்லை. மருந்து பல் பிடுங்கும் அறைகளிலும், மாதவிடாய்ப் பெருக்குக்கு மாத்திரையாகவும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்தது. 2010இல் லண்டன் நலவாழ்வு, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் இயான் ராபர்ட்ஸ் குழு, விபத்தில் காயமுற்ற 20,211 பேரை 40 நாடுகளில் சோதித்தது. இந்தியாவும் அவற்றில் ஒன்று. மரணம் 16 சதவீதத்திலிருந்து 14.5க்குக் குறைந்தது. மறு ஆண்டே மருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு, உட்டாகோ ஆசைப்பட்ட சோதனை 20,060 தாய்மார்களிடம் நடந்தது. பிரசவத்துக்குப் பின் இரத்தம் பெருகிய மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் இரத்தப்போக்கால் இறந்தவர்கள் 1.2 சதவீதம், பெறாதவர்களில் 1.7. முடிவு அச்சேறியது 2017 ஏப்ரலில். உட்டாகோ அதற்கு ஓராண்டு முன்னால், 2016 ஏப்ரலில், 98 வயதில் காலமாகியிருந்தார்.

மூன்று மணி நேரம் என்றேன். விபத்துச் சோதனையில் அந்த நேரம் கடந்து மருந்து பெற்றவர்களிடம் இரத்தப்போக்கு மரணம் கூடவே செய்தது. பிந்தும் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் பயனில் பத்தில் ஒரு பங்கு கரைந்து போகிறது என்று பிற்காலக் கணக்கு. அறுவைச் சிகிச்சையில் நமக்குக் கிடைக்கும் சலுகை இதுதான்: காயம் எப்போது ஏற்படப் போகிறது என்று முன்கூட்டியே தெரியும். கத்தி படுமுன் ஒரு கிராம் ஏற்றிவிடலாம். இதயம் தவிர்த்த அறுவைகளில் 9,535 பேரிடம் சோதித்து 2022இல் வெளியான முடிவில், ஆபத்தான இரத்தப்போக்கு 11.7 சதவீதத்திலிருந்து 9.1க்கு இறங்கியது. இரத்தக்கட்டி, மாரடைப்பு போன்ற தீங்குகள் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே, ஆனால் துளியும் அதிகமாகாது என்று அடித்துச் சொல்லும் அளவுக்குக் கணக்கு இடம் தரவில்லை. இதற்கு முன்பே, 2012இல், 129 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, அறுவையில் இரத்தம் ஏற்றும் தேவையை இந்த மருந்து மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று காட்டியிருந்தார்கள். இவ்வளவு மலிவான, இவ்வளவு சோதிக்கப்பட்ட மருந்து, மூட்டு மாற்று அறுவைக்கு வெளியே இன்னும் "வேண்டுமானால் போடலாம்" என்ற நிலையில் கிடப்பது வெட்கக்கேடு.

அதற்காக இதைச் சர்வரோக நிவாரணியாக்கிவிட வேண்டாம். இரைப்பை, குடல் இரத்தப்போக்கில் 12,009 பேரிடம் சோதித்தபோது உயிர் காக்கவில்லை. இரத்தசோகையுள்ள கர்ப்பிணிகளுக்குப் பிரசவித்தவுடன், பெருக்கு வருமுன்பே தடுப்பாகக் கொடுத்துப் பார்த்ததும் பலிக்கவில்லை. இதய அறுவையில் அதிக அளவு கொடுத்தால் வலிப்பு வருவதுண்டு. இன்னொன்றை என் துறையினருக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். இதன் ஆம்பூலும் முதுகில் போடும் ஸ்பைனல் மருந்தின் ஆம்பூலும் பார்வைக்கு ஒத்திருப்பதால், சிசேரியனில் இதை எடுத்து முதுகில் செலுத்திய கொடுமைகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. வலிப்பும் மரணமும் அதன் விளைவு. 2022இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. டிரானெக்ஸா மயக்க மருந்துத் தட்டில் இருக்கவே கூடாது. வேறு அலமாரியில் வையுங்கள்.

இரத்தம் நின்றால் போதும், ஆள் பிழைத்துவிடுவார் என்று எண்ணுவதற்கு எதிராக ஒரு பெரிய சாட்சி உண்டு. அப்ரோடினின் என்ற மருந்தை இதய அறுவைகளில் பல ஆண்டுகள் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். கனடாவில் 2,331 பேரிடம் அதை டிரானெக்ஸாமிக் அமிலத்தோடும், ஒகாமோட்டோ தம்பதியரின் முதல் மருந்தோடும் ஒப்பிட்டார்கள். பெரும் இரத்தப்போக்கை அப்ரோடினின்தான் அதிகம் குறைத்தது. இறந்தவர்களை எண்ணியபோது அப்ரோடினின் பிரிவில் 6 சதவீதம், மற்ற இரண்டிலும் ஏறத்தாழ 4. சோதனை பாதியில் நின்றது. 2007 நவம்பரில் மருந்து சந்தையிலிருந்து இறங்கியது. சக்‌ஷன் பாட்டில் காலியாக இருப்பதை மட்டும் வெற்றி என்று எழுதக் கூடாது என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

அறுவை முடிந்த பிறகு நடக்கும் இழப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வார்டில் நர்ஸ் டிரெயின் பையைப் பார்ப்பார், சரி. ஆனால் நாம் ஊசி போட்டு எடுக்கும் இரத்தத்தை யார் எண்ணுகிறார்கள்? ஐரோப்பியத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு நோயாளியிடமிருந்து பரிசோதனைக்காக மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 40 மில்லி எடுக்கப்படுவதாக 2002இல் கணக்கெடுத்தார்கள். பத்து நாள் கிடந்தால் ஒரு பை இரத்தம். கனடாவில் 25 தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளைச் சிறிய குழாய்களுக்கு மாற்றிப் பார்த்தபோது பரிசோதனை முடிவுகளுக்குக் குறை வரவில்லை. தினமும் காலையில் பழக்கத்துக்காக எழுதும் பரிசோதனைகளில் பாதியை அடித்துவிட்டால் குழாய்க்கும் வேலை இல்லை.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமானதாகப் படுவது. அறுவைக்கு முந்தைய வாரங்கள்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019 முதல் 2021 வரை நடந்தது. அதன்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4. மருத்துவ வசதியில் முன்னிற்கும் மாநிலம் என்று மார்தட்டும் நமக்கு இந்த எண் உறைக்க வேண்டும். நார்க்கட்டியால் மாதாமாதம் இரத்தம் கொட்டி, ஹீமோகுளோபின் ஏழில் வந்து கர்ப்பப்பை எடுக்கப் படுக்கும் பெண்ணை எல்லா மாவட்டத்திலும் பார்க்கலாம். அவர் ஆறு மாதமாக அதே மருத்துவமனைக்கு வந்து போனவர். அந்த ஆறு மாதத்தில் இரும்புச்சத்து கொடுத்திருந்தால் பன்னிரண்டோடு வந்திருப்பார். அறுவையில் அரை லிட்டர் போனாலும் யாருடைய இரத்தமும் தேவைப்பட்டிருக்காது. நாம் என்ன செய்கிறோம்? முந்தின இரவு இரண்டு பை ஏற்றிக் காலையில் தியேட்டருக்கு அனுப்புகிறோம். 2011இல் லான்செட் வெளியிட்ட ஆய்வு 2,27,425 அறுவை நோயாளிகளைப் பார்த்தது. முப்பது சதவீதத்தினர் இரத்தசோகையோடு வந்தவர்கள். லேசான சோகை இருந்தவர்களிடம்கூட முப்பது நாளில் மரணம் கூடுதல்.

இதில் எனக்குச் சாதகமில்லாத ஒரு சான்றையும் வைக்கிறேன். 2020இல் பிரிட்டனில் வெளியான சோதனையில், வயிற்றுப் பெரிய அறுவைக்கு 10 முதல் 42 நாள் முன்பு 487 பேரில் பாதிப் பேருக்கு இரத்தநாளம் வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள். இரத்தம் ஏற்றும் தேவையோ மரணமோ குறையவில்லை. "பார்த்தீர்களா, இரும்பு வீண்" என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. அவர்களுக்கு அறுவைக்கு முன் ஹீமோகுளோபின் கொஞ்சம்தான் உயர்ந்தது; நன்றாக உயர்ந்தது அறுவைக்குப் பிறகு, எட்டாவது வாரத்தில். எலும்பு மஜ்ஜைக்கு அவகாசம் வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு டிரிப் போட்டுக் கடமையை முடித்துக்கொள்ள முடியாது.

எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால் என்ன ஆகும் என்பதை மேற்கு ஆஸ்திரேலியா காட்டியது. 2008இல் அந்த மாநில அரசு தொடங்கிய திட்டத்தில் சோகையை முன்பே சரி செய்வது, இழப்பைக் குறைப்பது, ஏற்றும்போது ஒவ்வொரு யூனிட்டாக யோசித்து ஏற்றுவது என்று எல்லாம் சேர்ந்தே நடந்தன. நான்கு பெரிய மருத்துவமனைகளில் 6,05,046 நோயாளிகள். ஆறு ஆண்டுகளில் ஒரு நோயாளிக்குச் செலவான இரத்தம் 41 சதவீதம் குறைந்தது. மரணமும் தொற்றும் கூடக் குறைந்தன. அந்த ஆண்டுகளில் வேறு முன்னேற்றங்களும் வந்திருக்கும், எல்லாப் பெருமையும் இதற்கே என்று சொல்ல மாட்டேன். இரத்தத்தைக் குறைத்ததால் யாரும் கெட்டுப்போகவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

மேடையில் இருக்கும் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். அறுவைக்கு நாள் குறிக்கிற அன்றே ஹீமோகுளோபின் பார்ப்பது, பன்னிரண்டுக்குக் கீழே இருந்து அவசரமும் இல்லையென்றால் நாளைத் தள்ளிவைத்து இரும்புச்சத்து தொடங்குவது, இந்த இரண்டையும் உங்கள் மருத்துவமனையில் கட்டாய வழக்கமாக்குங்கள். இதற்குப் புதுக் கட்டடமோ புதுப் பதவியோ வேண்டாம். மருத்துவத்துக்கு வெளியே இருந்து வந்து முன்வரிசையில் இருக்கும் அன்பர்களுக்கும் ஒன்று: இரும்பு மாத்திரையை டீ, காபியோடு விழுங்காதீர்கள், சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் யாருக்காவது அறுவை தேவை என்று டாக்டர் சொன்னால், ஹீமோகுளோபின் எவ்வளவு, அதை உயர்த்த எத்தனை வாரம் காத்திருக்கலாம் என்று அந்த அறையை விட்டு வெளியே வருமுன் கேட்டுவிடுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.